துவங்க மறுத்த கெர்னல்: எட்டு நாள் பழுதுபார்ப்புக் குறிப்பு

நேற்று இரவு பத்தே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டுக் கோப்புக் கணினி, இயங்குதளத்தின் கருவான கெர்னலின் புதிய பதிப்புடன் முழுமையாகத் துவங்கி, உள்நுழைவுப் பெயரைக் கேட்டு நின்றது. அதை அந்த இடத்துக்குக் கொண்டுவர எட்டு நாள்களும் 126 சிங்கப்பூர் வெள்ளி 50 காசும் செலவாயின. கோளாற்றைச் சரிசெய்ய உண்மையில் தேவைப்பட்ட பொருளின் விலையோ 2 வெள்ளி 50 காசுதான். மீதிப் பணமும் நாள்களும் எங்கே போயின, எந்தெந்த இடத்தில் தவறாகத் திரும்பினேன் என்பதை நினைவு மங்குவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கணினி, ஓர் அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த பின் மறுவிற்பனைக்கு வந்த சிறிய மேசைக் கணினி. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 16 ஜிபி நினைவகம், இயங்குதளத்துக்கு 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (தாய்ப்பலகையில் நேரடியாகச் செருகும் வேகமான வட்டு), கோப்புகளுக்கு 2 டிபி சாட்டா வன்வட்டு (கம்பி வழி இணையும் பழைய வகை). அதில் டெபியன் 12 லினக்ஸை நிறுவி, ஈசூனில் உள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்து அலமாரியில் இரவு பகலாக ஓடவிட்டிருந்தேன். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்துப் படங்களையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து அதில் சேமித்து வந்தேன். கடைசி மூன்று மாதங்களில் செய்த ஸ்கேன்கள் எஸ்எஸ்டியில் மட்டுமே இருந்தன; அவற்றுக்கு வேறு நகல் எடுத்திருக்கவில்லை. இந்த எட்டு நாளும் என் மனத்தை அரித்தது அதுதான்.

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பதற்காகக் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கி, மூன்று நாள் வீட்டிலுள்ள பாம் ஷெல்டர் (வெடிகுண்டுப் பாதுகாப்பு) அறைக்குள் வைத்திருந்தோம். நான்காம் நாள் எடுத்து மாட்டினேன். கிரப் துவக்கப் பட்டியல் வழக்கம்போல் வந்தது. ஐந்து விநாடிக்குப் பின் திரை முழுவதும் எழுத்துகள் ஓடி நின்றன. அடிப்பகுதியில் இருந்த வரி இது: ‘கெர்னல் பேனிக் - நாட் சின்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)’. அதாவது, இயங்குதளம் இருக்கும் மூலக் கோப்பமைப்பை இணைக்க முடியாமல் கெர்னல் செயலிழந்துவிட்டது.

அந்த வரியைத் தொலைபேசியில் படமெடுத்துவிட்டு, மறுபடி துவக்கி, பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். புதியது 6.1.0-26, பழையது 6.1.0-25. பழையதும் முழுமையாகத் துவங்கவில்லை. ஆனால், அது பேனிக் ஆகவில்லை. முப்பது விநாடிபோல் காத்திருந்துவிட்டு, ‘அலர்ட்! யூயூஐடி... டஸ் நாட் எக்சிஸ்ட். டிராப்பிங் டு எ ஷெல்!’ என்று சொல்லி, பிசிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் தளத்தில் என்னை விட்டது. குறிப்பிட்ட அடையாள எண் கொண்ட வட்டுப் பிரிவே இல்லை என்பது அதன் பொருள். இரண்டு கெர்னலும் வட்டைக் காணவில்லை என்கின்றன, ஆகவே எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். இரண்டு செய்திகளும் வெவ்வேறு வார்த்தைகளில் இருந்ததை நான் எடைபோடவே இல்லை. பிற்பாடு நடந்த தவறுகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

முடிவை உறுதிப்படுத்திக்கொள்ள யூஎஸ்பி குச்சியிலிருந்தே, நிறுவாமல் ஓடும் லைவ் லினக்ஸைத் துவக்கி, இணைந்துள்ள வட்டுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். 2 டிபி வன்வட்டு தெரிந்தது, என்விஎம்இ தெரியவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி, சிம் லிம் ஸ்குவேரில் 500 ஜிபி என்விஎம்இ ஒன்றை 72 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். பழையதைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகைக் கழற்றி, புதியதை அதே இடத்தில் சாய்வாகச் செருகி அழுத்தித் திருகினேன். லைவ் லினக்ஸைத் துவக்கினால், புதியதும் தெரியவில்லை.

புது வட்டும் தெரியாதபோது, செருகும் துளை பழுதாகியிருக்க வேண்டும், தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கீழ்த்தளக் காப்பிக் கடையில், கப்பல் மின்னணுக் கருவிகளில் நெடுங்காலம் வேலை பார்த்த அண்டை வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, அந்த மெனு எங்கிருந்து வருது?” துவக்கப் பட்டியலும் கெர்னல் கோப்பும் இருப்பது நான் செத்துவிட்டது என்று சொன்ன அதே எஸ்எஸ்டியில்தான். பட்டியல் வருகிறது என்றால், எதுவோ அந்த வட்டை நன்றாகவே படிக்கிறது. அவர் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பட்டியல் திரையில் இருக்கும்வரை வட்டைப் படித்துக் கொடுப்பது கணினியின் யூஇஎஃப்ஐ, அதாவது பேச்சு வழக்கில் நாம் பயாஸ் என்று சொல்லும் நிலைபொருள். கெர்னலை நினைவகத்தில் ஏற்றி முடித்ததும் அதன் வேலை தீர்கிறது. அதன்பின் கெர்னல், சாதனங்களோடு பேசும் தன்னுடைய சொந்த இயக்கிகளைக் கொண்டு வட்டை மறுபடி கண்டுபிடித்தாக வேண்டும். பயாஸுக்குத் தெரிகிற வட்டு கெர்னலுக்குத் தெரியாமல் போகிறது என்றால், இடையில் ஏதோ ஒன்று அதை மறைக்கிறது.

பழைய எஸ்எஸ்டியை வெளிப்புறப் பெட்டி ஒன்றில் போட்டு மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். பெட்டி 28 வெள்ளி. வட்டு உடனே திறந்தது. மூன்று மாத ஸ்கேன்களும் அப்படியே இருந்தன. வேறு எதையும் தொடுவதற்கு முன், அவற்றை இரண்டு இடங்களில் நகலெடுத்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் எட்டு நாள்களில் பாதி பதற்றமின்றிப் போயிருக்கும். பிறகு பழைய எஸ்எஸ்டியை மீண்டும் கணினிக்குள் பொருத்தினேன்.

அடுத்த தேவை, துவக்கச் செய்திகளை முழுமையாகப் படிப்பது. கிரப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியில் இருந்த ‘குவையட்’ என்ற சொல்லை நீக்கித் துவக்கினால் எல்லாச் செய்திகளும் திரையில் வரும். ஆனால், நூற்றுக்கணக்கான வரிகள் சில விநாடிகளில் ஓடிவிடுகின்றன. ஷிஃப்ட்டும் பேஜ்-அப்பும் அழுத்தி மேலே உருட்டிப் பார்க்கும் வசதி, 2020இல் வந்த 5.9 கெர்னலோடு எடுக்கப்பட்டுவிட்டது. தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்கலாகத்தான் வந்தன.

கணினியின் பின்புறத்தில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் ஒன்று சும்மா கிடந்தது. ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் யூஎஸ்பி-சீரியல் மாற்றி 18 வெள்ளிக்கும், இரு முனையிலும் துளையுள்ள கம்பி 6 வெள்ளிக்கும் வாங்கினேன். கெர்னல் வரியின் முடிவில் திரைக்கு ஒன்றும் சீரியலுக்கு ஒன்றுமாக இரண்டு ‘கன்சோல்’ அமைப்புகளைச் சேர்த்து, சீரியலின் வேகத்தை 115200 என்று வைத்து, மடிக்கணினியிலும் அதே வேகத்தைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஒரு எழுத்தும் வரவில்லை.

ஒரு மணி நேரம் வேக எண்ணையும் மாற்றியின் இயக்கியையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் கம்பியின் மேல் சந்தேகம் வந்தது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒரு முனையின் 2ஆம் துளையையும் மறுமுனையின் 2ஆம் துளையையும் தொட்டேன், மீட்டர் கூவியது. நேர்க்கம்பி. இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைக்கும்போது ஒன்று அனுப்புவது மற்றதன் பெறும் ஊசிக்குப் போக வேண்டும். 2உம் 3உம் குறுக்காக மாறியிருக்க வேண்டும். நல்ல வேளையாக, முனையின் மூடி வார்க்கப்பட்டதாக இல்லாமல் திருகு போட்டதாக இருந்தது. ஒரு முனையை மட்டும் திறந்து, 2ஆம், 3ஆம் இணைப்புகளின் பற்றவைப்பை உருக்கி எடுத்து இடம் மாற்றி, 5ஆம் இணைப்பான தரைக்கம்பியைத் தொடாமல் விட்டு, மீண்டும் மீட்டரால் சோதித்து மூடினேன். இருபது நிமிட வேலை. அடுத்து, பழைய கெர்னலின் துவக்கம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மடிக்கணினியில் கோப்பாக இறங்கியது.

கிடைத்த பதிவில் முதலில் ‘எரர்’, ‘ஃபெயில்’ என்ற சொற்களைத் தேடினேன். நமக்குத் தொடர்பான எதுவும் அகப்படவில்லை. பின்னர் ‘என்விஎம்இ’ என்று தேடினேன். ஒரே ஒரு வரி. சாட்டா வட்டுகளைக் கவனிக்கும் ஏஹெச்சிஐ இயக்கி, எந்தக் கூச்சலும் இல்லாமல், ‘ஃபவுண்ட் 1 ரீமேப்டு என்விஎம்இ டிவைசஸ்’ என்று சொல்லியிருந்தது. அதற்கு அடுத்த வரி: ‘ஸ்விட்ச் யுவர் பயாஸ் ஃப்ரம் ரெய்டு டு ஏஹெச்சிஐ மோடு டு யூஸ் தெம்’. வட்டு இருக்கிறது, சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வேண்டுமானால் பயாஸில் வட்டுகளை இயக்கும் முறையை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றிக்கொள் என்று பழைய கெர்னல் ஒவ்வொரு துவக்கத்திலும் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சாட்டா வன்வட்டு மட்டும் ஏன் தெரிந்தது என்பதும் இத்துடன் விளங்கியது. இதே இரண்டு வரிகள் லைவ் லினக்ஸின் கெர்னல் செய்திகளிலும் முதல் நாளே இருந்திருக்கும்; ஒரு கட்டளை கொடுத்துத் தேடியிருந்தால் கம்பியே தேவைப்பட்டிருக்காது.

ரெய்டு அமைப்பை நான் எப்போதோ மாற்றிவிட்டேன், அதை யார் திருப்பி வைத்தார்கள்? பதிவை மேலிருந்து மறுபடி படித்தபோது விடை கிடைத்தது. கணினியின் கடிகாரத்தைப் படித்த வரியில் 2018 ஜனவரி 1 என்று இருந்தது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். தேதி அதே தேதி, சாட்டா இயக்கமுறை ‘ரெய்டு’. மூடியைத் திறந்து, தாய்ப்பலகையில் இருந்த சிஆர்2032 நாணய மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுத்து அளந்தேன்: 2.1 வோல்ட். 3 வோல்ட் இருக்க வேண்டியது. சுவர் மின்சாரம் இருந்தவரை இந்த மின்கலத்தின் பலவீனம் வெளியே தெரியவில்லை. மூன்று நாள் செருகி இல்லாமல் கிடந்தபோது கடிகாரம் நின்று, அமைப்புகள் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டன. இந்தக் கணினியில் அந்த நிலை ரெய்டு. தேக்காவில் 2 வெள்ளி 50 காசுக்கு வாங்கிய புதிய மின்கலம் 3.2 வோல்ட் காட்டியது. அதைப் பொருத்தி, நேரத்தைச் சரிசெய்து, ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். பழைய கெர்னல் பதினான்கு விநாடிகளில் உள்நுழைவு வரிக்கு வந்தது.

வேலை முடிந்தது என்று எண்ணி, எப்போதும்போலப் புதிய கெர்னலுடன் மறுதுவக்கம் செய்தேன். அதே பேனிக், அதே சுழியம் கமா சுழியம்.

இந்த இடத்தில்தான் முதல் நாள் இரண்டு செய்திகளையும் ஒன்றாகக் கலந்ததன் விலை தெரிந்தது. பிசிபாக்ஸ் வரையாவது போன கெர்னலிடம் இனிட்ஆர்டி எனப்படும் தொடக்கக் கோப்பு மூட்டை இருந்தது. வட்டு இயக்கிகளும், யூயூஐடியை வைத்துப் பிரிவைத் தேடும் நிரல்களும் அந்த மூட்டைக்குள்தான் இருக்கின்றன. பேனிக் ஆன கெர்னல் அந்த மூட்டை இல்லாமலேயே புறப்பட்டிருக்கிறது. டெபியன் கெர்னலில் என்விஎம்இ இயக்கி தனிக் கூறாக இருப்பதால் மூட்டை இல்லையேல் வட்டைப் பார்க்க வழியில்லை. கோப்பமைப்பின் யூயூஐடியை வைத்து மூலப் பிரிவைக் கண்டுபிடிக்கவும் கெர்னலுக்குத் தனியாகத் தெரியாது. அடைப்புக்குள் இருந்த 0,0 எந்தச் சாதனமும் அடையாளம் காணப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. அங்கே வேறு எண்கள் இருந்தால், சாதனம் கிடைத்துவிட்டது, கோப்பமைப்பைப் படிப்பதில்தான் சிக்கல் என்று வேறு பக்கம் தேட வேண்டும். புதிய கெர்னலின் சீரியல் பதிவில் பேனிக்குக்கு முன்பு, ‘ஹியர் ஆர் தி அவெய்லபிள் பார்ட்டிஷன்ஸ்’ என்ற வரிக்குக் கீழே பட்டியல் ஏதுமின்றி வெற்றாக இருந்ததும் அதையே சொன்னது.

கிரப் பட்டியலில் இரண்டு கெர்னல்களின் பதிவுகளையும் ‘இ’ விசையால் திறந்து ஒப்பிட்டேன். பழையதில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியும், கீழே ‘இனிட்ஆர்டி’ என்று தொடங்கும் வரியும் இருந்தன. புதியதில் இரண்டாவது வரியே இல்லை. முதல் இரவிலேயே, ஒரு காசு செலவில்லாமல், இதைப் பார்த்திருக்கலாம்.

பழைய கெர்னலில் துவங்கி, கெர்னல்களும் மூட்டைகளும் இருக்கும் பூட் பிரிவின் இடத்தைப் பார்த்தேன். மொத்தம் 455 மெகாபைட்; மிச்சம் 15. அதில் ஐந்து பழைய கெர்னல்கள், ஒவ்வொன்றுக்கும் 76 மெகாபைட் அளவில் ஒரு மூட்டை, ஆறாவதாக மூட்டையில்லாத புதிய கெர்னல். தானியங்கி மேம்பாட்டின் பதிவில், ஐந்து வாரங்களுக்கு முந்தைய தேதியில், ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற வரி இருந்தது. புதிய கெர்னல் கோப்பு சிறியது என்பதால் உள்ளே நுழைந்துவிட்டது. மூட்டையைக் கட்ட இடமில்லை. பின்னர் எப்போதோ துவக்கப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டபோது, இருக்கிற கெர்னலை இருக்கிறபடியே சேர்த்துக்கொண்டது. பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் அமைப்பை, முன்பு ஒரு முறை பழைய கெர்னல் கைகொடுத்த நன்றியில், நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். நினைவகத்தில் ஏற்கெனவே ஏறிய கெர்னல் மறுதுவக்கம்வரை மாறுவதில்லை. எழுபது நாளாகக் கணினி நிற்காமல் ஓடியதால், வலுவிழந்த மின்கலம் எப்படி மறைந்திருந்ததோ அப்படியே இதுவும் மறைந்திருந்து, செருகியைப் பிடுங்கிய அன்று இரண்டும் சேர்ந்து வெளிவந்தன.

பழைய கெர்னல் பொதிகளை நீக்கக் கட்டளை கொடுத்தேன். மென்பொருள்களை நிறுவி நீக்கும் பொதி நிர்வாகி, பாதியில் நிற்கும் புதிய கெர்னலை முதலில் முடிக்க முயன்று, மறுபடி இடமில்லை என்று நின்றது. கோப்புகளை அப்படியே அழித்துவிடலாம் என்று கை போனது. ஆனால், பொதி நிர்வாகியின் கணக்குக்கும் வட்டில் இருப்பதற்கும் முரண் வந்துவிடும். எனவே மிகப் பழைய இரண்டு மூட்டைகளை அழிக்காமல் என் இல்ல அடைவுக்கு நகர்த்தி வைத்தேன். ஒன்றே போதுமான இடம் தரும் என்றாலும், ஏற்கெனவே உள்ள மூட்டையைப் புதுப்பிக்கும்போது புதியதைப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் பழையதை மாற்றுகிறது என்பதால் இரண்டாக எடுத்தேன். பிறகு நிலுவையில் இருந்த அமைவை முடிக்கச் சொன்னேன், மூட்டை கட்டப்பட்டது. அதன்பின் பழைய நான்கு கெர்னல்களை முறைப்படி நீக்கினேன்.

இடையில் இன்னொரு வழியையும் சோதித்தேன். மூட்டைக்குள் எல்லா இயக்கிகளையும் வைக்காமல், இந்தக் கணினிக்குத் தேவையானதை மட்டும் வைக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அப்படிச் செய்தால் 76 மெகாபைட் ஏறத்தாழ 30ஆகக் குறைந்தது. ஆசையாக இருந்தும் திருப்பிவிட்டேன். நாளை தாய்ப்பலகை போய், இந்த எஸ்எஸ்டியை வேறு கணினியில் மாட்ட நேர்ந்தால், அங்கே தேவைப்படும் இயக்கி மூட்டைக்குள் இருக்காது. மறுபடி பிசிபாக்ஸில் நிற்க வேண்டும். பழுதுபார்க்கும் நாளில் 46 மெகாபைட் பெரிதல்ல.

மறுதுவக்கம் செய்வதற்கு முன், புதிய மூட்டையின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு என்விஎம்இ இயக்கி உள்ளே இருப்பதையும், கிரப் பட்டியலில் புதிய கெர்னலின் கீழ் இனிட்ஆர்டி வரி வந்திருப்பதையும் கண்ணால் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகுதான் பத்தே முக்கால் மணி.

அடுத்த முறை இதே நிலை வந்தால், திருகாணியை எடுப்பதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்வேன்: ஒவ்வொரு கெர்னலும் சொல்லும் கடைசி வரியைத் தனித்தனித் தாளில் சொல்லுக்குச் சொல் எழுதுவது, கிரப் பதிவுகளை ஒப்பிடுவது, லைவ் லினக்ஸின் கெர்னல் செய்திகளில் வட்டின் பெயரைத் தேடுவது. மூன்றும் சேர்ந்து அரை மணி நேரம் ஆகாது. தானாக நீக்கும் அமைப்பை மீண்டும் இயக்கிவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை, நான் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், கணினியை வேண்டுமென்றே மறுதுவக்கம் செய்வதென்று வைத்திருக்கிறேன். பூட் பிரிவைப் பெரிதாக்குவதை இப்போதைக்குத் தள்ளி வைத்துள்ளேன். இரண்டு கெர்னல்களுக்கு இருக்கிற இடம் தாராளமாகப் போதும்.

அவசரத்தில் வாங்கிய 500 ஜிபி எஸ்எஸ்டி இப்போது 28 வெள்ளிப் பெட்டிக்குள் போய், ஒவ்வோர் இரவும் அப்பாவின் படங்களை நகலெடுத்துக்கொள்கிறது. கணினி மூடியின் உட்புறத்தில் மின்கலம் மாற்றிய தேதியையும் ‘சாட்டா: ஏஹெச்சிஐ’ என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். சீரியல் கம்பியின் திறந்து மாற்றிய முனையில், ‘2-3 குறுக்கு’ என்று ஒரு துண்டு நாடா சுற்றியிருக்கிறது.